ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம்

கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்ப்பது என் வேலை. ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பல வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில கையுறைகளை உருவி, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்தப் பெட்டிக்குக் கேடு. இந்த வேலை ஆளைக் கெடுத்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் கண் ஒழுகலைத்தான் தேடும். குழாயடி, கூரைத் தகரம், குளிர்பெட்டியின் அடிப்பக்கம் என்று நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டால், "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்ட என் மூக்குக்குக் கீழேயே, எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில், ஒரு சைக்கிள் எண்ணெய் ஒழுகிக்கொண்டு நின்றது. அதை ஒழுக வைத்த பெரிய மனிதர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

அது என் மனைவியின் மலைச் சைக்கிள். அதன் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்களை ஃபோர்க் என்கிறோம். ஒவ்வொரு காலிலும் வழவழப்பான மேல்குழல் ஒன்று, அகலமான கீழ்க்குழலுக்குள் இறங்கி ஏறும். உள்ளே காற்றும் எண்ணெயும் இருக்கும். சக்கரம் வேரிலோ கல்லிலோ மோதினால் குழல் உள்ளே இறங்கி அடியை வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது. இரண்டு குழலும் சேரும் வாயில் ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெயை வெளியே விடாமலும் மண்ணை உள்ளே விடாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். அது கெட்டால் குழல் ஒட்டிக்கொண்டு தடுமாறும், அடி நேராகக் கைக்கு ஏறும்.

அவளுடைய கைக்கு அடி ஏறக்கூடாது. வலது மணிக்கட்டில் ஒரு தகடும் ஏழு திருகுகளும் இருக்கின்றன.

சித்திரையில் நடந்தது அது. சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. இப்போது பெரும்பகுதி எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டது. மேட்டில் மட்டும் சில நிரை ரப்பர் மரங்கள் யாரும் பால் வெட்டாமல் நிற்கின்றன. அந்த மேட்டிலிருந்து இடிந்த ரப்பர் பால் ஸ்டோர் வரைக்கும் ஒரு சரிவு இறங்கும். முழுக்க வேர். நான் முதலில் இறங்கி, கீழே நின்றுகொண்டு, "வா வா, ஒண்ணும் இல்ல லா, பிரேக்க விட்டுட்டு வா" என்று கத்தினேன். அவள் பிரேக்கை விட்டுவிட்டு வந்தாள். பாதி வழியில் சக்கரம் ஒரு வேரில் மாட்டி நின்றது, அவள் நிற்கவில்லை. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். நான் மேலே ஓடிப் பார்த்தபோது கை இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அறுவைக்குப் பிறகு இரண்டு மாதம் இடது கையால் பலகையில் எழுதினாள். "டீச்சர் எழுத்து நம்ம எழுத்தவிட மோசம்" என்று ஒரு பிள்ளை சொன்னதை வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த "வா வா" என் காதை விட்டுப் போகவே இல்லை. சைக்கிள் போர்ச்சில் சுவரோரமாக நின்றது. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கார், மோட்டார் சைக்கிள், அரிசி அரைக்கும் மிஷின், என் ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அதற்குப் பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்:

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. தீபாவளிக்கு முன்னாடி சுங்காய் போலாமா? இந்த ஞாயித்துக்கிழம."

"சுங்காயா? இங்கயே பார்க்ல ரெண்டு ரவுண்டு போனா போதாதா?"

"விழுந்த எடத்துல எறங்கணும். இல்லன்னா அது மனசுலயே கெடக்கும்."

சரி என்று தலையாட்டினேன். மனசில்லாமல்தான். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவள் சைக்கிளைச் சோதித்தேன். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் மேல்குழலைச் சுற்றிப் பழுப்பாக ஒரு பிசுக்கு. விரலால் தொட்டால் எண்ணெய். கைப்பிடியை அழுத்தினால் ஃபோர்க் முதலில் அசையாமல் முரண்டு பிடித்து, பிறகு திடீரென்று இறங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வாழ்நாளில் ஒரு ஒழுகலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது மேல்குழலில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஃபோர்க் இறங்கும்போது அதை மேலே தள்ளிவிடும். ஏறும்போது வளையம் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க அது ஒரு அடையாளம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் சைக்கிளைத் துடைத்தபோது அதைக் கீழே தள்ளிவைத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அது நான்கு விரல் உயரத்தில் நின்றது. யாரும் ஏறாத சைக்கிளில் வளையம் எப்படி ஏறும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறிக் குதித்திருக்கிறார்கள், அதனால்தான் சீலும் போயிருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். வாய் சும்மா இருக்குமா? வேலியோரம் நின்று, காதில் விழட்டும் என்று, அடுத்தவர் பொருளைத் தொடும் பழக்கத்தைப் பற்றிப் பொதுவாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டு உள்ளே போனேன்.

"ஃபோர்க் ஒழுகுது. இத வச்சிக்கிட்டு எறங்கக் கூடாது. அடுத்த மாசம் பாப்போம்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அடுத்த மாசம் நான் போலாம்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"இப்ப சொல்றதுக்கே ஆறு மாசம் ஆச்சு லா. திரும்பவும் அந்தத் தைரியத்த எங்க போய் பொறுக்குறது?"

வியாழக்கிழமை பழைய டவுனில் உள்ள சைக்கிள் கடைக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சீனர். சிறுவயதில் தோட்டத்துக் கம்பத்தில், தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஃபோர்க்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "சீல் போச்சு அண்ணே. ஆனா இந்த வாரம் பெனு. எடமே இல்ல லா, பாருங்க," என்று சுவரெல்லாம் தொங்கும் சைக்கிள்களைக் காட்டினார். எனக்கு மறுபடியும் நிம்மதி. அடுத்த நொடியே அவர் அதைக் கெடுத்தார். "சீல் செட்டு இருக்கு. நீங்களே மாத்துங்க. ஃபேக்டரியில ரப்பர் பாக்குற ஆளு, இது தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்ததுதான். கௌரவம் விடவில்லை. சீல் செட்டையும் ஒரு குப்பி எண்ணெயையும் வாங்கிக்கொண்டு, எப்படி என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை போர்ச்சில் பழைய நாளிதழ்களை விரித்து உட்கார்ந்தேன். உள்ளே அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை அவிழ்த்து, காற்றை முழுவதும் இறக்கினேன். கீழ்க்குழல்களின் அடியில் இருந்த திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. திருகுகளை எடுத்ததும் எண்ணெய் தகர டப்பாவில் சொட்டியது. கறுத்துப் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது கீழ்க்குழல்கள் மெதுவாக நழுவிக் கழன்று வந்தன. பெரிய கரண்டிக் காம்பை விட்டு நெம்பி, பழைய சீலை வெளியே எடுத்தேன்.

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஆலையில் கையுறையாகும் அதே நைட்ரைல், செயற்கை ரப்பர். இந்தத் தோட்டங்களில் வெட்டிய மரப்பால் ரப்பர் இதற்கு ஆகாது, எண்ணெய் பட்டால் உப்பிவிடும். இதன் உள்விளிம்பில் இரண்டு உதடுகள் உண்டு. மேல் உதடு மண்ணைத் துடைக்கும், கீழ் உதடு எண்ணெயைப் பிடித்து நிறுத்தும். நகத்தால் அழுத்தினால் மடங்குகிற அளவு மெல்லியவை. நான் சோதிக்கும் கையுறை அசையாமல் தொங்கிக்கொண்டு சில நிமிடம் தாங்கினால் போதும், அதற்கே முத்திரை குத்திவிடுகிறேன். இந்த உதடுகள் ஓடுகிற குழலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குழல் நகராது, தளர்ந்தால் எண்ணெய் போய்விடும். ஒரு சரிவில் எத்தனை வேர், எத்தனை இறக்கம், எத்தனை ஏற்றம்! அத்தனைக்கும் நடுவே அந்த மெல்லிய விளிம்பு பிடித்தும் பிடிக்காமலும் நின்று ஒரு மனுஷியின் எலும்பைக் காப்பாற்றுகிறது. இத்தனை வருடம் ரப்பரோடு புழங்கியும் எனக்கு ரப்பரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றியது.

சீலுக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்சு வளையம் இருக்கும். எண்ணெயில் ஊறிக் கறுப்பாக இருக்க வேண்டியது. அதை வெளியே எடுத்தேன். மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு.

முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்தையும் மீறி வாசனை வந்தது. சந்தனம்.

ஆயுத பூஜை அன்று அவள் சைக்கிளுக்கு மட்டும் நான் தனிக் கவனம் எடுத்திருந்தேன். காருக்கு ஒரு பொட்டு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பொட்டு. அவள் சைக்கிளுக்கு, இனி இது அவளைத் தள்ளிவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டு, ஃபோர்க்கின் வழவழப்பான இரண்டு மேல்குழல்களிலும் மும்மூன்று பட்டை கெட்டியாகச் சந்தனம் குழைத்துப் போட்டு, நடுவில் குங்குமம் வைத்தது நான்தான். உள்ளே இறங்கி ஏறுகிற குழலில்! காய்ந்த சந்தனம் மணல் மாதிரி ஆகும் என்று கூடவா தெரியாது? ஆறு மாதம் அசையாமல் நின்று உலர்ந்த சீல் அது. அதற்குள் நான் சாமி பேரால் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

"இங்க வா," என்று கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்தாள். ஸ்பாஞ்சைக் காட்டினேன். பார்த்தாள், முகர்ந்தாள், பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இன்ஸ்பெக்டரே ஓட்ட போட்டுட்டாரு!"

நான் விடவில்லை. "சரி, பொட்டு வச்சது நான். அந்தப் பட்டை மேலேயே இருந்திருந்தா உள்ள போயிருக்காதில்ல? எவனோ ஏறி அமுக்கியிருக்கான். வளையம் எவ்வளவு ஒசரத்துல நின்னுச்சு தெரியுமா? அந்தப் பிள்ளைங்கள இன்னிக்கு..."

சிரிப்பு நின்றது. "பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். "அது நான்தான்."

என் வேலை ஆறு மணிக்கு, அவள் பள்ளிக்கூடம் கிளம்புவது ஏழுக்கு. இடையில் இருக்கும் அந்த நேரத்தில் அவள் போர்ச்சுக்கு வந்திருக்கிறாள். கட்டுப் பிரித்த பிறகு உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுவரில் இரண்டு நாள் செய்து பார்த்தாளாம்.

"செவுத்துல கைய வச்சா அது திருப்பித் தள்ளுது. வலி உயிர் போவுது. ஒரு நா சும்மா இந்த ஹேண்டில்ல கைய வச்சேன். இது கொஞ்சம் எடம் விட்டுச்சு."

அன்றிலிருந்து தினமும். வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது. முதல் நாள் வளையம் நகரவில்லையாம். இரண்டு வாரம் கழித்து நகத்தின் அகலம் ஏறியது. பிறகு ஒரு விரல். சில காலைகளில் முந்தைய நாளைவிடக் குறைவாகவும் இருந்திருக்கிறது. அன்றைக்கெல்லாம் பள்ளிக்குப் போகும் வழியில் அழுதிருக்கிறாள். நான்கு விரல் ஏறிய அன்றுதான் என்னிடம் சுங்காய் போகலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பக்கத்துல வந்து நின்னுக்குவீங்க. பாத்துக்கிட்டே இருப்பீங்க. ஒரு சொட்டு வலி தெரிஞ்சா போதும், நிறுத்துன்னு சொல்லிடுவீங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. அதைத்தான் செய்திருப்பேன். கையில் மஞ்சள் ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் இவளை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஓட்டை தேடித் தேடி, இவள் தினமும் என்ன செய்தாள் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது.

குழல்களைத் துணியால் துடைத்துத் துடைத்து, விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேளை, கீறல் இல்லை. புதிய ஸ்பாஞ்சுகளை எண்ணெயில் ஊறவைத்து உள்ளே வைத்தேன். புதிய சீலை நேராக, ஒரு பக்கமும் சாயாமல் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். கடையில் அதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நான் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் எழும்பியது. இரண்டு முறை எடுத்து மறுபடி வைத்தேன். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. உள்ளே போனவள் பித்தளை முறுக்கு அச்சின் வெளிக்குழாயை, அடித்தட்டைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது சரியா இருக்குமா பாருங்க."

குழாயின் வாய் சீலின் வெளிவிளிம்பில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மெல்லிய உதடுகள் நடு வெற்றிடத்தில் எதுவும் படாமல் பத்திரமாக இருந்தன. ரப்பர் சுத்தியலால் மேலே இரண்டு தட்டு. சுற்றிலும் ஒரே சீராக இறங்கியது. மற்ற காலிலும் அப்படியே. அந்த வருடத்து முறுக்கில் ஃபோர்க் எண்ணெய் வாசனை வந்தால் நான் பொறுப்பில்லை என்றேன். உதடுகளில் கிரீஸ் தடவி, மேல்குழல்களை உள்ளே விட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உதடு மடிந்தால் எல்லாம் வீண். மடியவில்லை. அடியில் இருந்த துளை வழியாக மருந்து ஊசிக் குழாயால் எண்ணெய் விட்டுத் திருகுகளை முடுக்கி, காற்று அடித்தேன்.

"நீ அமுக்கு," என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வளையத்தைக் கீழே தள்ளினாள். கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சத்தமே இல்லாமல் ஃபோர்க் இறங்கி, சத்தமே இல்லாமல் ஏறியது. அவள் காலைகளில் செய்ததை முதல் முறையாக என் கண்ணால் பார்த்தேன். அழுத்தும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுங்காயில் மழை விட்டு ஈரமாக இருந்தது. மேட்டில் ரப்பர் மரங்களின் கீழே சைக்கிள்களை நிறுத்தினோம். நான் கூடவே இறங்குகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

"நீங்க கீழ போயி நில்லுங்க. ஆனா கூப்பிடாதீங்க."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி, பால் ஸ்டோரின் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மேலே எதுவும் தெரியவில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு வேர்களின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம், தடதடவென்று, நிற்காமல். மரங்களுக்கு நடுவே அவள் தெரிந்தாள். முழங்கைகளை மடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். விழுந்த இடத்தில் அந்த வேர் இன்னும் அப்படியே இருந்தது. முன்சக்கரம் அதில் மோதியது. மேல்குழல்கள் முழுவதும் உள்ளே போய், வெளியே வந்தன. அவள் அசையவில்லை. அந்த ஒரு நொடியில் நான் சாமி கும்பிட்டேனா, மூச்சு விட்டேனா, தெரியாது.

எனக்கு முன்னால் வந்து நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் சைக்கிளின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தொழில் புத்தி. ஃபோர்க்கின் வலது காலில் விரலை ஓட்டினேன், இடது காலில் ஓட்டினேன். மேல்குழல் காய்ந்திருந்தது. ரப்பர் வளையம் கிட்டத்தட்ட உச்சியில் நின்றது.

"கை வலிக்குதா?" என்று தரையைப் பார்த்தே கேட்டேன்.

"வலிக்குது," என்றாள்.

நான் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு இருந்த பலம் எல்லாம் தேவைப்பட்டது. அவள் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே குனிந்தாள். வலது கைக் கட்டைவிரலால் அந்த வளையத்தைக் கீழே, சீல் வரைக்கும் தள்ளிவிட்டு, மேட்டைப் பார்த்துச் சைக்கிளைத் திருப்பினாள்.